நோயாளிக் குறிப்பைக் காத்த பூதம்

புதையல் காக்கும் பூதங்கள் ஒழிந்துவிட்டன என்றா நினைத்தீர்கள்? அவை டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகின்றன. காப்பது தகவலை. கேட்டு வருகிறவரை நாலு வாசல் ஏறி இறங்க வைக்காவிட்டால் இந்த இனத்துக்குச் சாப்பாடு இறங்காது.

அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிக் குறிப்புகளுக்குப் பொறுப்பாளரான லெஸ்டர் ஹாகன் இந்த இனத்தின் மாணிக்கம். மேடை ஏறினால் அவரைப் போல் பேச ஆளில்லை. நோயாளி போகுமிடமெல்லாம் அவருடைய குறிப்பும் கூடவே போக வேண்டும் என்பார். கைதட்டல் காதைப் பிளக்கும். ஆனால் எதிர்சாரி ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரோடு தம்முடையதை இணைக்கும் வசதி வந்து வெகுநாளாகியும், அதை ஆராய ஒரு குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு என்று போட்டு, இரண்டுக்கும் தாமே தலைவராகி, காபியும் டோனட்டும் வரவழைத்து, விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார். அதுவரை? ஃபேக்ஸ். நோயாளி கையெழுத்திட்ட தாள் ஃபேக்ஸில் வந்தால், திரையில் பளிச்சென்று தெரியும் குறிப்பை அச்சடித்து ஃபேக்ஸில் அனுப்புவார்கள். அங்கே அதைக் கோணல்மாணலாக ஸ்கேன் செய்து மறுபடி கம்ப்யூட்டருக்குள் திணிப்பார்கள். இதற்குப் பெயர் மின்னணுப் பரிமாற்றம்.

ஒரு நாள் காலை வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த லெஸ்டர் வழுக்கி விழுந்தார். வலது கை முறிந்து எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. அவருடைய ஆஸ்பத்திரியில் அன்று இடமில்லை. ஆம்புலன்ஸ் எதிர்சாரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். முன்பு ஏதோ ஒரு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சே நிற்கப் பார்த்தது லெஸ்டருக்கு நினைவிருந்தது. மருந்தின் பெயர்? அது அவருடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

நர்ஸ் லெஸ்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்தவர் லெஸ்டரே பழக்கி வைத்த உதவியாளர் ஜானிஸ் பெல்டோலா. கையெழுத்துப் போட்ட தாள் வரட்டும் என்றார். லெஸ்டர் இடது கையால் கிறுக்கி அனுப்பினார். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. லெஸ்டர் போனைத் தம் காதில் வைக்கச் சொன்னார்.

"ஜானிஸ், நான்தாம்மா லெஸ்டர் பேசறேன்."

"அப்படி யாரு வேணா சொல்லலாம். போன்ல வர்ற குரலை நம்பாதேன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

"மருந்து மாறிப்போச்சுன்னா செத்துருவேன்மா."

"அப்போ வாரிசு கையெழுத்துப் போட்டாலே போதும் சார்."

லெஸ்டருக்கு நிஜமாகவே உயிர்ப்பயம் வந்தது. எத்தனை பேரை இப்படிக் காக்கவைத்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, சின்னப் பிள்ளை போல அழுதுவிட்டார். அந்த அழுகை ஜானிஸை அசைத்தது. மருந்தின் பெயரை ரகசியக் குரலில் படித்துச் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கையில் கட்டோடு லெஸ்டர் வேலைக்குத் திரும்பிய அன்று, இன்றைக்கே இணைப்பைக் கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஜானிஸைத்தான் உள்ளே கூப்பிட்டார். செல்லுபடியாகும் கையெழுத்து இல்லாமல் ஒரு நோயாளியின் குறிப்பை போனில் வெளியிட்டதற்காக எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று பக்கத்து மேசைக்காரர் உங்களிடம் சின்ன விவரம் ஒன்று கேட்டபோது, பதில் நாக்கு நுனியில் இருந்தும், "ஒரு மெயில் போட்டுடுங்க, பாக்கறேன்" என்று சொன்னது யாராம்?