பத்திரிகைக்குள் ஒரு சீட்டு

"அந்தப் பத்திரிகைக் கட்டு எங்க?" என்று செருப்பைக் கழற்றாமலே கேட்டான் முத்திருளன்.

"அம்புட்டையும் குடுத்துட்டேன்ல!" என்றாள் மனைவி முருகம்மாள், பெருமையாக. "நீங்க ஆபீஸ்ல இருக்கயில முப்பத்தெட்டு வீடும் சுத்திட்டேன். எந்தம்பி பேயாண்டி வீடு ஒண்ணுதான் பாக்கி."

"அடிப்பாவி! உள்ள சீட்டு இருந்துச்சேடி!"

"நான் எதுக்குப் பிரிச்சுப் பாக்குறேன்?"

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. சொந்தபந்தத்தில் யாருக்கு யாரோடு ஆகாது, யாரிடம் எதைப் பேசக்கூடாது என்பதையெல்லாம் பத்து வருடமாக ஒரு தடித்த நோட்டில் எழுதி வந்தவன் முத்திருளன். அவசரத்துக்கு அதில் எதையும் தேடி எடுக்க முடியவில்லை என்று, போன வாரம்தான் ஆளுக்கொரு சீட்டாகப் பிரித்து எழுதினான். வாசலில் நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டு உள்ளே போகலாமே என்று, அவரவர் சீட்டை அவரவர் பத்திரிகைக்குள்ளேயே செருகியும் வைத்தான். என்ன மூளை!

காளவாசலுக்கு ஓடினான். பெரியப்பா காசிமாயன் தன் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, பத்திரிகையப் பிரிச்சீகளா?"

"இன்னும் இல்லடா. ஏன்?"

"உள்ள ஒரு சீட்டு தப்பா வந்திருச்சு. குடுத்திருங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! பெரியவர் உடனே பிரித்துப் படித்தார்: 'வாயைத் திறந்தால் பொய். நம்பியதுபோல் தலையாட்டவும்.'

மற்ற வீடுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முத்திருளன் வீட்டுக்குத் திரும்பி ஓடினான். ஊரே வராவிட்டாலும் போகட்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? பேயாண்டியும் முறுக்கிக்கொண்டால் மகளுக்குக் காதுகுத்தே இல்லை. மச்சினன் பத்திரிகையில் இருந்த சீட்டை உருவித் துண்டு துண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டான். வெறும் பத்திரிகையைத் தாம்பூலத் தட்டில் வைத்து, புருசனும் பெண்சாதியுமாகத் திருப்பரங்குன்றம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், முப்பத்தெட்டு வீடும் வந்து இறங்கியது! ஒருவர் சீட்டை ஒருவர் வாங்கிப் படித்துச் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது.

"அடப்பாவிப் பயலே, இம்புட்டு வருசம் நம்பாமலா தலையாட்டுன?" என்று முதுகில் ஒரு போடு போட்டார் பெரியப்பா. முத்திருளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் தாய்மாமனைக் காணோம். நல்ல நேரம் முடியப் போகிற வேளையில் பேயாண்டியின் மனைவி ஒச்சாயி மட்டும் தனியாக வந்து நின்றாள்.

"மாப்ள எங்கம்மா?"

"அவுக வரமாட்டாகளாம்ண்ணே."

"ஏன்? மாப்ளயப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலையே!"

"அதுக்குத்தாண்ணே கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்காக. சொந்தபந்தம் அம்புட்டுப் பேருக்கும் எழுதுன மனுசன், தாய்மாமன் எனக்கு நாலு வார்த்தை எழுதலையேன்னு!"