சாம்பார் பொடிக்குச் சம்பந்தம் பேசினேன்

கூச்ச சுபாவக்காரனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினால், கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு ஊரில் மற்ற எல்லோரிடமும் கேட்டுவிட்டு வருவான். நான் அந்த ரகம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, திண்டுக்கல்லில் தையல் மெஷினோடு மட்டும் பேசிப் பழகியவன். (அதுவும் அது பேசும், நான் கேட்டுக்கொள்வேன்.)

மகள் கவிதா அப்போது பி.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு பிராண்டை எடுத்து, அதன் சந்தைச் சூழலை ஆராய்ந்து எழுத வேண்டுமாம். யார் வாங்குகிறார்கள், யார் போட்டி, சரக்கு எங்கிருந்து வருகிறது, கடன் உண்டா, எல்லாம். சின்னாளப்பட்டியில் ஒரு சாம்பார் பொடி கம்பெனியைப் பிடித்தாள். புறப்பட வேண்டிய நாளில் அம்மை போட்டுவிட்டது.

“திங்கக்கெழமக்குள்ள குடுக்கலைன்னா அரியர்ப்பா” என்று வேப்பிலைக்கு நடுவிலிருந்து அழுதாள். நான் போவதாக முடிவாயிற்று.

“கம்பெனிக்குப் போறீக, வெள்ள வேட்டி கட்டிட்டுப் போங்க” என்றாள் மனைவி மரகதம். அன்று வளர்பிறை முகூர்த்த நாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

கம்பெனி வாசலில் நின்றேன். கால் உள்ளே போக மறுத்தது. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், “அந்தக் கம்பெனி எப்படி? கடன் கிடன் இருக்கா?” என்று கேட்டேன்.

டீக்காரர் என் வேட்டியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஓனரு தங்கமான மனுசன்ணே. பேங்க் லோன் மட்டுந்தான். குடி கிடையாது. ஒரு காலத்துல ஒரு லவ்வு இருந்துச்சு, அது முடிஞ்சுபோச்சு.”

சாம்பார் பொடிக்கு எதற்கு லவ்வு என்று தோன்றியது. இந்தக் காலத்துப் படிப்பு அப்படித்தான் இருக்கும் என்று அதையும் குறித்துக்கொண்டேன். பிறகு சலூன், மளிகைக்கடை. பக்கத்து வீட்டு அம்மாள் வரை விசாரித்து முடித்தபோது, முதலாளியின் அக்காவே வெளியே வந்துவிட்டார்.

“ஏண்ணே வெயில்ல அலையுறீக? உள்ள வாங்க, நாங்களே சொல்றோம்.”

உள்ளே கேசரி, பஜ்ஜி. முன்மண்டை காலியான முதலாளி, புதுச் சட்டையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். (என்னைவிடக் கூச்சப்படும் ஒருவரைப் பார்த்ததில் எனக்கு வீரம் வந்துவிட்டது.) கேள்விகளை அடுக்கினேன். எந்தக் கம்பெனி விலையைக் குறைத்துக் கழுத்தறுக்கிறது, மிளகாய் எங்கே வாங்குகிறார்கள், எப்போது வியாபாரம் படுக்கும், எதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

“பின்னால ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லண்ணே” என்றார் அக்கா. “பொண்ணு என்ன படிக்குது?”

“பி.பி.ஏ. அவளுக்காகத்தான் வந்தேன். அவளே வந்திருப்பா, அம்மை போட்டிருக்கு.”

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா எறங்கட்டும், மூணு தண்ணி ஊத்துங்க. தழும்பெல்லாம் நாங்க பாக்க மாட்டோம்.”

எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நெகிழ்ந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்தேன்.

“ஜாதகம் எப்பண்ணே தாரீக?”

எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று அவர்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். “ப்ராஜெக்ட்டுக்கு அனுப்புனா மாப்பிள பாத்துட்டு வந்திருக்கீகளே! அவருக்கு வயசென்ன?”

“என்னவிட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கும்.”

கவிதா சிரித்ததில் வேப்பிலையெல்லாம் கொட்டியது. சட்டென்று முகம் மாறியது. “உண்மையச் சொன்னா, எதையும் எழுதக் கூடாதுன்னுருவாகளேப்பா.”

மறுநாள் மரகதம்தான் போன் செய்து உண்மையைச் சொன்னாள். “அடி ஆத்தீ!” என்றார் அக்கா. பிறகு முதலாளியே போனை வாங்கினார்.

“ஒங்க பொண்ணு எழுதிக்கிடட்டும்க்கா. ஆனா ஒண்ணு. எனக்கு அடுத்து எந்த எடம் வந்தாலும், விசாரிக்க அண்ணனத்தான் அனுப்பணும். எங்க சொந்தத்துல இம்புட்டுக் கேள்வி கேக்குற ஆளு யாருமில்ல.”

கவிதா பாஸ். அதற்கு விலையாக நான் நிலக்கோட்டை போய், பூக்கடை பூக்கடையாக ஏறி ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்து வந்தேன். முதலாளிக்குக் கல்யாணமும் நடந்தது. அன்று முதல் வீட்டுக்கு அவர் பொடிதான் வருகிறது.

இப்போது கவிதாவுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவள் கணவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம், இலையில் சாம்பார் விழுந்ததும் கையை நிறுத்திவிட்டு மரகதத்தைக் கேட்கிறார்:

“ஏன் அத்தே, இது மூத்த மாப்பிள பொடியா?”