மீசையைக் காத்த உருளைக்கிழங்கு

திருவாடானை,
19.3.1987

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி மருதுபாண்டி அவர்களுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரி ராக்கு, பிரசவத்துக்கு வந்த உங்கள் மருமகள் செவ்வந்தி, இரண்டு மாதப் பேரன் எல்லோரும் சுகம். கொடைக்கானல் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் பேரனைப் பார்க்க வந்தபோது, நீங்கள் அனுப்பிய விதைக்கிழங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. காரணத்தை இப்போது நெஞ்சு நிறைந்த நன்றியோடு எழுதுகிறேன்.

கார்த்திகையில் உங்கள் மூட்டை முதலில் வந்தது. ‘இது விதை, மழை ஓய்ந்ததும் நடவும்’ என்ற கடிதம் நாலு நாள் கழித்து வந்தது. அந்த நாலு நாளில், சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது சீர்தான் என்று ராக்கு தெரு முழுக்கப் பங்கு வைத்துவிட்டாள். பதினெட்டு வீட்டில் உருளைக்கிழங்குக் குழம்பு கொதித்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் மட்டும் ஒன்பது கிழங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, “ஏத்தா, சீருன்னு குடுத்தியே, பூராம் முளை விட்டுக் கெடக்கு. ஒஞ் சம்பந்திக்கு நல்லது கிடைக்கலையாக்கும்” என்றாள். அவள் குறை சொன்ன அந்த ஒன்பதுதான் எனக்கு விதையாயிற்று. அவளுக்கும் நன்றி.

நீங்கள் எழுதியபடியே துண்டுக்கு இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, வெட்டிய பக்கம் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் ஆறப்போட்டு, மார்கழி பிறந்ததும் கொல்லையில் நாலு விரல் ஆழத்தில் சாண் விட்டுச் சாண் நட்டேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெரு மூக்கையா, டீக்கடையில் வைத்து, “இந்த வெக்கையில உருளைக்கிழங்கு எங்கன வெளையும்?” என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்து, பங்குனிக்குள் விளையாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷ மீசை சம்பந்தி. இப்போது பேரன் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

செடி நன்றாகத்தான் வந்தது. நெல்லுக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? வரப்புப் போட்டுக் கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தினேன். தூருக்கு மண் அணைக்கச் சொல்லியிருந்தீர்கள், சேற்றை அணைத்தேன். மாசிக் கடைசியில் செடியெல்லாம் பழுத்துச் சாய்ந்தன. இலை பழுத்ததும் தோண்டலாம் என்று உங்கள் கடிதத்தில் இருந்ததால் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான். நேற்று மூக்கையா, சலூன் மலையாண்டியைக் கத்தியோடு கொல்லைக்கே கூட்டி வந்துவிட்டார்.

மண்வெட்டி போட்டேன். கிழங்கு வந்தது சம்பந்தி. எல்லாம் ஒரே அளவு, ஒரு வேர்கூட ஒட்டாமல், இரண்டு கிலோ. எங்கள் கருப்பு மண்ணில் எடுத்த கிழங்கில் செம்மண் ஒட்டியிருக்கிறதே என்று மூக்கையா தூக்கிக் காட்டினார். “பொண்ணுக்கே பொறந்த வீட்டு மண்ணு மறக்காது, வெதைக்கு மறக்குமாய்யா?” என்றேன். மலையாண்டி கத்தியை மடக்கினார். மத்தியானம் மூக்கையாவும் நம் வீட்டில்தான் கிழங்குக் கறி சாப்பிட்டார். உங்கள் விதையாலும் உங்கள் கடிதத்தாலும்தான் நான் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறேன்.

உங்கள் வீட்டு அடுப்பும் தோட்டமும் என்றும் செழிப்பாக இருக்க எங்கள் கருப்பசாமி துணையிருப்பார். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
செல்லச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யா, நீங்க மாமாவுக்கு நண்டு வாங்கத் தொண்டிக்குப் போயிருந்தீங்கள்ல, அப்பத்தான் மாமா கொல்லையப் பாத்தாரு. தண்ணி நின்னு அடியில பூராம் அழுகிக் கெடந்துச்சு. மீசை விஷயத்த நாந்தான் சொன்னேன். எனக்குன்னு கொண்டாந்த கிழங்க, அந்த முழங்கால் வலியோட குத்தவச்சு, தாங் கையாலயே புதைச்சாரு. அய்யாகிட்ட சொல்லிராதம்மான்னாரு” என்கிறாள். ஆக, நீங்கள் செய்ததை உங்களுக்கே விவரமாக எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் அடிக்கவில்லை, நன்றி அப்படியே இருக்கட்டும். மீசையில் இனிமேல் பாதி உங்களுடையது. அடுத்த கார்த்திகைக்குக் கடிதத்தை முதலில் அனுப்புங்கள், மூட்டையைப் பிறகு அனுப்புங்கள்.