அரையடி அங்கிளும் அம்மாவின் செவ்வரத்தையும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அரையடி அங்கிளின் அனுமதி இல்லாமல் ஒரு செடியும் தலை நிமிர்ந்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் தண்ணீர் பில்லுக்கு மட்டும்தான் தெரியும். இளம் வேலி எதைக் கண்டாலும் நுனியில் அரையடியை வெட்டி வீழ்த்துவார். பென்ஷன் எடுத்த மனிதர். சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் கத்தரிக்கோல் வைத்திருப்பார்.

ஒருமுறை செத்தவீட்டுக்குப் போனோம். உள்ளே ஒப்பாரி, வாசலில் 'கிளிக், கிளிக்'. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா அவர் தலையைக் கண்டாலே "அங்கிள், எபா! வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு தன் செடிக்குக் குறுக்கே கையை விரித்து நிற்பார்.

அம்மா வீட்டின் முன்னால் செவ்வரத்தை வேலி நட்டார். முதல் பூ பிள்ளையாருக்கு என்று நேர்த்தி. செடி முழங்கால் உயரம் வந்து மொட்டும் வைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலால் திரும்பி வந்தால், மொட்டெல்லாம் நிலத்தில். அங்கிள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? அது சாமிக்கு நேர்ந்த பூ!"

"நுனியை விட்டா நெட்டையாத்தான் போகும், தங்கச்சி. வெட்டினாத்தான் அடியிலயிருந்து சடைச்சு வரும். பிள்ளையார் அவசரப்படுற ஆளில்லை. உலகத்தைச் சுத்தச் சொன்னபோதே அவர் ஓடேல்லை."

"அவர் பொறுப்பார். நான் பொறுக்கமாட்டன்!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அந்தப் பொங்கலுக்கு எதிர்வீட்டுக்கும் தட்டு போனது, அங்கிள் வீட்டுக்குப் போகவில்லை. மனுசன் பேக்கரியில் பாண் வாங்கும் சாட்டில் தினமும் நாலு தரம் எங்கள் வாசலைக் கடந்து, கழுத்தை நீட்டிச் செடியைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கே பாவமாக இருந்தது.

மழை வந்தது. வெட்டிய ஒவ்வொரு நுனிக்கும் கீழே இரண்டு மூன்று தளிர். சில மாதங்களில் பூனைகூட நுழைய முடியாத வேலி, அதில் இலைக்குச் சமமாகப் பூ. அம்மா முதல் பூவைப் பிள்ளையாருக்கு வைத்தார். பிறகு மோதகம் அவித்து, தானே அங்கிள் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"மோதகம் நல்லம், தங்கச்சி. வேலியை இன்னும் ஒருக்கா வெட்டோணும்" என்றார் அவர்.

இப்போது அங்கிள் கனடாவில், மகனோடு பதினேழாம் மாடியில். அங்கே வெட்ட ஒரு புல்லும் இல்லை. ஞாயிறு காலையில் வட்ஸ்அப்பில் வருவார். குரல் மெலிந்துவிட்டது. சுகம் விசாரித்தால் வேலியைத்தான் விசாரிப்பார்.

"போனை வேலிப் பக்கம் திருப்புங்கோ... அங்க பாருங்கோ, ஒரு கொப்பு நீண்டு நிக்குது! நான் இல்லாட்டி ஒருத்தருக்கும் பொறுப்பில்லை!"

ஏசும்போதுதான் அவருக்குப் பழைய குரல் திரும்பி வருகிறது. அதைக் கேட்காவிட்டால் எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுபோல இருக்காது.

சனிக்கிழமைகளில் வேலி வெட்டுவது நான். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் ஒன்றையேதான் சொல்வார்.

"அந்த ஒரு கொப்பை விடு, பிள்ளை. அண்ணை ஏசட்டும்."