ஃப்ளாப்பிக்குப் பொட்டு வைத்தவள்

பக்தி எனக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடுதல்தான். புத்தியைத்தான் அளந்து வைத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். எனக்கென்று கண்ணாடி அறை, ஏசி (கம்ப்யூட்டருக்குத்தான், எனக்கில்லை). தூசி புகுந்துவிடும் என்று வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. வெளியே பேக்கிங் பெண்கள் சிரிப்பது தெரியும், கேட்காது. பேச ஆளில்லாமல் மானிட்டரைப் பார்த்து, "என்ன, சாப்பிட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வெளியே எல்லாரும் கூட்டமாகச் சேர்ந்து தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தார்கள். நான் உள்ளே தனியாக மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் வைத்தேன். சந்தனம் மீதி இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் திருப்பி ஏற்றுவதற்காக நகல் எடுத்து வைத்த ஃப்ளாப்பிகள் டப்பாவில் இருந்தன. திருப்பிப் பார்த்தால் நட்டநடுவில் வெள்ளி வட்டம், பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி. விடுவேனா? ஒன்று விடாமல் அப்பினேன். அந்த நேரம் பார்த்து யாரோ துடைப்பதற்காக மெயின் சுவிட்சை இறக்க, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

மறுநாள் போட்டால் வெறும் கறுப்புத் திரை.

"சாயங்காலத்துக்குள்ள இது பழையபடி ஆகணும். ஆகலைன்னா நீ நாளைக்கு பஸ் ஏற வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"நகல் இருக்கு சார்" என்று கெத்தாக முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். கரகரவென்று சத்தம். வெளியே இழுத்தால் சந்தனப் பொடி உதிர்ந்தது.

"என்னம்மா இது, மஞ்சளா?"

"சந்தனம் சார். ஆண்டாள் சந்நிதிச் சந்தனம்."

மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டு, பேக்கிங் பெண்களை உள்ளே கூப்பிட்டார். பேக்கிங் பாக்கியம் அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஏட்டி, எம்புட்டு சந்தனம்! இதுக்குக் காது குத்துனியா, கல்யாணம் பண்ணுனியா?"

பேண்டேஜ் கம்பெனியில் துணிக்கும் ஸ்பிரிட்டுக்கும் பஞ்சமா? பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஃப்ளாப்பியாகத் துடைத்தார்கள். செருகுகிற வாயையும் துடைத்தார்கள். கேலி என்றால் அப்படிக் கேலி. வேலை நிற்குமா என்றே தெரியாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மானம் போனால் போகட்டும், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே!

சாயங்காலம் திரை ஒளிர்ந்தது. போன வாரம் இருந்தபடியே எல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகான வருகைப் பதிவை மட்டும் மறுபடி அடிக்க வேண்டும்.

"யாராவது வாசிச்சீங்கன்னா நான் அடிச்சிருவேன்க்கா" என்றேன், ஆசையாக.

"தூசி உள்ள போயிரும் தாயி" என்று பதிவேட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அன்று மானிட்டரிடம்கூட நான் பேசவில்லை.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நானும் ஒரு லேப்டாப்பும்தான். ஆயுத பூஜையன்று சென்னையிலிருந்து மகள் போன் செய்வாள்: "அம்மா, பென்டிரைவுக்குப் பொட்டு வச்சாச்சா?" இல்லை என்று சொன்னால், "சரிம்மா, வேலை இருக்கு" என்பாள். வச்சாச்சு என்றால் விழுந்து விழுந்து சிரித்து, பேரனையும் கூப்பிட்டு, இன்னும் செத்த நேரம் பேசுவாள்.

அதனால் வருஷம் தவறாமல் வைத்துவிடுகிறேன்.