எடுத்துட்டா இன்னா ஆவும்?

செஞ்சியில் நிற்கிற எதையும் நிம்மதியாக நிற்க விடாத ஒரே மனிதர் எங்கள் 'எடுத்துட்டா' சார்தான். இரும்புக் கட்டடங்கள் தாங்குமா, தாங்காதா என்று பார்த்துச் சொல்லும் இன்ஜினியர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு தூணைத் தட்டி, "இத எடுத்துட்டா இன்னா ஆவும்?" என்பார். அவர் ஆபீசில் கட்டடப் படம் வரைகிற பாக்கியம் எனக்கு வாய்த்திருந்தது.

திண்டிவனம் ரோட்டு டீக்கடையில் அப்படிக் கேட்டார். மாஸ்டர் அன்றே பாய்லரை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அனந்தபுரத்தில் தனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் போர்டிகோவைப் பார்த்தவுடன் கேட்டார். உள்ளே கலந்த காபி வெளியே வரவே இல்லை. அதன்பின் அவருக்குப் பெண் பார்க்க யாரும் கிளம்பவில்லை.

எல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, எங்கள் அக்கா கல்யாணம் வரும்வரை.

புது மண்டபம். இரும்புத் தூண், இரும்பு உத்தரம், கீழே பந்தி, மேலே மணமேடை. எங்களுடையதுதான் முதல் முகூர்த்தம். பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, மண்டப முதலாளி உறுதிச் சான்றிதழுக்கு யாரிடம் வந்து நின்றார்? சாரிடம்தான். சார் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தூணாகப் பிடுங்கிப் பார்த்தார். வாசல் தூணைப் பிடுங்கியதும் மேல்தளம் சரிந்தது. அது பக்கத்துத் தூணை இழுத்தது, அது அடுத்ததை இழுத்தது. கடைசியில் திரையில் மண்டபமே இல்லை. உத்தரம் தூணோடு சேருமிடத்தில் பேருக்கு இரண்டு போல்ட் போட்டு, மேலே தங்க பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"ஏன் சார், தூண எடுக்கறதுக்கா வெச்சோம்?" என்றார் முதலாளி. நியாயமான கேள்விதான்.

சார் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தூண் போனாலும் இரண்டு பக்க உத்தரமும் சேலை காயப்போடும் கொடி மாதிரி தொங்கியாவது நிற்க வேண்டும், அதற்குக் கனமான தகடும் முழு போல்ட்டும் போட்டால்தான் ஆச்சு என்றார். வீட்டில் நைனா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க ஆபீஸ் ஆளால எம் பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னா, நீ வூட்டுப் பக்கமே வராத."

நான் கெஞ்சினேன், அழாத குறை. மனிதர் அசையவில்லை. மனசுக்குள் நான் அவரைத் திட்டாத திட்டில்லை. முதலாளியும் திட்டிக்கொண்டேதான் வேலையை ஆரம்பித்தார். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடைசித் தகடு ஏறியது, கையெழுத்தும் விழுந்தது.

கல்யாணத்தன்று வழக்கம்போல வாசல் தூணில் வாழை மரம் கட்டினார்கள், தூணே தெரியாத அளவுக்கு. பந்திக்குத் தண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரிக்காரர், முட்டுவது வாழை மரம்தானே என்று நன்றாக அழுத்தி ரிவர்ஸ் எடுத்தார். வாழை மரம் சாய்ந்தது. உள்ளே இருந்த தூணும் சாய்ந்தது.

மேலே அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். தளம் ஒரு சாண் இறங்கி, அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலே இருந்த அத்தனை பேரும் பின்பக்கப் படியில் இறங்கினார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையோடு ஓடினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எதிரே பெட்ரோல் பங்க்கில் தாலி கட்டினோம். ஓமத்தீ மட்டும் வேண்டாம் என்று பங்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சார் டேப்பும் கையுமாகத் தளத்தின் தொய்வை அளந்துகொண்டிருந்தார். கணக்குப் போட்டதைவிட ஒரு விரல் அதிகமாம், அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அக்கா மாலையும் கழுத்துமாக நேரே வந்து, நைனா காலில் விழுவதற்கு முன்னாலேயே சார் காலில் விழுந்தாள். அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. "நல்லா இரும்மா" என்றார்.

அடுத்து விழுந்தது நான். எழுந்திருக்க மனசே வரவில்லை.