மறுமலர்ச்சி எப்போது முடிந்தது?

"ஐம்பத்திரண்டுன்னு எழுதினா நான் விழாவுக்கு வரமாட்டேன்."

"வந்துதானே நிக்கிறீங்கண்ணே."

"அப்ப போயிடுவேன்லா" என்றார் கோவிந்தசாமி.

ஏணியில் நின்ற வேலாயுதம் தூரிகையைத் தாழ்த்தினார். செம்பவாங் தமிழர் நாடக மன்றத்துக்கு அவர் செயலாளர். மாலையில் திறக்கவேண்டிய பலகையில் 'நாடக மறுமலர்ச்சிக் காலம்' வரை எழுதியாகிவிட்டது. தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கமும் முடிந்த ஆண்டும்தான் பாக்கி.

கோவிந்தசாமி ஐம்பதில் நாடகம் போட்டவர். இராஜசிங்கம் ஐம்பத்திரண்டில்.

"உது நாடகமே? பாதியில லைட் போய்ச் சனமெல்லாம் எழும்பிப் போட்டுது" என்றார் இராஜசிங்கம்.

ஒருவர் வெளியேறினாலும் மன்றம் இரண்டாகிவிடும். வேலாயுதம் மண்ணெண்ணெய்த் துணியால் தொடக்கத்தைத் துடைத்துவிட்டு, முடிவை மட்டும் எழுதினார்: 1958.

"முடிஞ்சிடுச்சா? அப்ப நான் யாரு, செத்தவனா?" என்றார் கோவிந்தசாமி.

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் முறை. வேலாயுதம் முடிவையும் துடைத்தார்.

"முடியலைன்னா அஞ்சு வருஷமா ஏன் ஒரு நாடகமும் இல்லை?"

"சினிமாதான்லா காரணம்."

"நான் ஒருக்கா துவங்கிப் பாத்தனான்" என்றார் இராஜசிங்கம். "கதாநாயகி வேஷத்துக்குச் சேலை கேட்டா, எல்லா வீட்டிலயும் தோய்ச்சுப் போட்டிருக்காம். நல்ல மழை நாள்."

வாசலில் விருந்தினரின் கார் வந்து நின்றது. பலகையில் ஆண்டுகள் இருந்த இடத்தில் வெறும் தீற்றல்தான் மிச்சம். வேலாயுதம் வேஷத்துணிப் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த அரக்கு நிறப் பட்டுத் துணியை எடுத்துப் பலகையை மூடினார்.

"திறப்பை அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்று இருவர் காதிலும் தனித்தனியே சொன்னார். இருவரும் தாங்களே வென்றதாக நினைத்துத் தலையசைத்தார்கள். அந்தத் துணி விலகாதவரை மன்றம் ஒன்றுதான்.

கூட்டம் அமர்ந்தது. விருந்தினர் எழுந்து தொண்டையைச் செருமினார். அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து முத்தாயி எழுந்து மேடைக்கே வந்தாள். எல்லா நாடகங்களிலும் கதாநாயகியாக நடித்த சுந்தரத்தின் மனைவி. அவள் விருந்தினரைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தாள்.

"வேலாயுதண்ணே, கடைசி நாடகத்துக்கு எங்க வீட்டுக்காரரு கட்டிட்டு வந்த என் கூறைச் சேலை இது. இது திரும்பி வராததாலதான், இனிமே யாரு சேலை கேட்டாலும் துவைச்சுப் போட்டிருக்குன்னு சொல்லிடணும்னு பொம்பளைங்க எல்லாரும் பேசி வச்சோம். இப்பவாவது அதை எடுத்துக் குடுங்கண்ணே."